வளவும் நாமும்: பூந்தண்டுக்கு முட்டுக் கொடுத்தல்



இந்த மாதம் கத்தரி நாற்றுமேடை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறேன். காரணம் ஒரு கடிதம்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அவரிடம் ஓர்க்கிட் கன்று ஒன்று நிற்கிறதாம். நாலு வருடமாக இலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது, இந்த வருடம்தான் முதன்முதலாகப் பூந்தண்டு விட்டதாம். பதினொரு மொட்டு. எண்ணி வைத்திருக்கிறார். ஒரு நாள் பின்னேரம் அடித்த காற்றில் அது அடியோடு முறிந்துபோனது. தடி குத்திக் கட்டி வைத்திருக்கலாமே என்று அயலில் எல்லாரும் சொன்னார்களாம். விஷயம் கடிதத்தின் கடைசி வரிகளில்தான் இருந்தது. செல் விழுந்ததில் அவருக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. "ஒரு கையால எப்பிடி அக்கா கட்டுறது? அதையும் எழுதுங்கோ" என்று கேட்டிருக்கிறார்.

ஓர்க்கிட் வளர்ப்புப் பற்றிய புத்தகங்களில் முட்டுக் கொடுப்பதற்கு நாலு வரி இருக்கும். ஒரு கையால் கட்டுவது பற்றி நான் படித்த எதிலும் இல்லை. ஆகவே இந்த மாதம் அதைத்தான் எழுத வேண்டும். ஆனால் ஏன் கட்டுகிறோம், எப்போது கட்டுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கைக்கு வருகிறேன். நேரம் பார்த்துச் செய்தால் கட்டுகிற வேலையில் பாதி குறைந்துவிடும்.

நானும் ஓர்க்கிட் தெரிந்த ஆள் அல்ல. 2008 இல் விடத்தல்தீவுப் பக்கத்துச் சனம் எல்லாம் வன்னிக்குள் நகர்ந்தபோது நாங்களும் நகர்ந்தோம். 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் என் கணவரைத் தவறவிட்டேன். இன்றும் நான் அப்படித்தான் சொல்லுகிறேன். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு 2010 இல் தீவில் என் தமக்கை வீட்டு வளவுக்கு வந்து சேர்ந்தேன். மணல் வளவு, இரண்டு பனை, ஒரு வேம்பு, சவர்க் கிணறு.

எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு ராத்தா இருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போனவர். யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தார். வரும்போது உடுப்புப் பையோடு மூன்று ஓர்க்கிட் கன்றுகளையும் தேங்காய்ப் பொச்சில் கட்டிக் கொண்டுவந்தார். மூன்றும் டென்ரோபியம் இனம். 2014 இல் அதில் ஒரு பக்கக் கன்றைப் பிரித்து எனக்குத் தந்தார். "தண்ணியக் குறை, காத்த மறை, மிச்சத்த அது பாத்துக்கும்" என்றார். காற்றை மறை என்றதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

2017 பங்குனியில் அது பூந்தண்டு விட்டது. எனக்கு வைகாசியில் ஒரு நாள் இருக்கிறது. அன்று கணவருடைய படத்துக்கு முன்னால் ஒரு பூ வைப்பேன். மாலை போடுவதில்லை, ஒரு பூ மட்டும். ஏன் மாலை போடுவதில்லை என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வருடம் ஓர்க்கிட்தான் வைப்பது என்று நினைத்துக்கொண்டேன். நாளை எண்ணிப் பார்த்தால் கணக்கும் சரியாக வந்தது.

பிறகு செய்தது முழுக்கப் பிழை. எல்லாப் பக்கமும் வெளிச்சம் படட்டும் என்று தினமும் சாடியைத் திருப்பி வைத்தேன். தண்டு பாம்பு போல வளைந்து வளைந்து வளர்ந்தது. சித்திரை முடியக் காற்றுத் தொடங்கவும் பயந்துபோய், அத்தானுடைய வலைப் பெட்டியிலிருந்து தங்கூசித் துண்டு ஒன்றை எடுத்து, தண்டைப் பந்தற்காலோடு இறுக்கிக் கட்டினேன். சாடியோ கம்பியில் தொங்குகிறது. பந்தற்கால் நிலத்தில் நிற்கிறது. இரவு காற்று வந்தது. சாடி ஆடியது, கால் ஆடவில்லை. விடியப் பார்த்தால் தங்கூசி கட்டிய இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் தண்டு இரண்டாகிக் கிடந்தது. அந்த நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மொட்டுத் துண்டைப் போத்தலில் தண்ணீர் விட்டு வைத்துப் பார்த்தேன். பிஞ்சு மொட்டு, ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்தது. அந்த வருடம் வேலியோரத்து நித்தியகல்யாணியைத்தான் வைத்தேன்.

அத்தான் அதிகம் பேசுகிற மனிதர் அல்ல. முறிந்ததைப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்: "வள்ளத்தைத் துறையில கட்டேக்க கயித்தை இறுக்கியா கட்டுவினம்?" அலை ஏறி இறங்குவதற்குக் கயிற்றில் இடம் விடாவிட்டால், ஒன்றில் கயிறு அறும், அல்லது கட்டின கட்டை பிடுங்குப்படும். நான் கடற்கரையில் பிறந்தவள். இது எனக்குத் தெரியாததா? ஆனால் பூ என்றவுடன் மறந்துபோனேன்.

எங்கள் காற்றைப் பற்றி மன்னாருக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு அவ்வளவு தெரியாது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் சோழகம் விடாது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்களும் இந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. கண்டியிலோ கொழும்பிலோ ஓர்க்கிட் வளர்ப்பவர் பூ அழகாக நிமிர்ந்து நிற்பதற்காக முட்டுக் கொடுக்கிறார். எமக்கு அழகு இரண்டாவது. தண்டு முறியாமல் பூக்கும் வரைக்கும் போய்ச் சேருவதுதான் முதலாவது. ஆகவே தடியைத் தேடுவதற்கு முன்னர் காற்றைத் தடுக்கிற வழியைப் பாருங்கள். சோழகம் வருகிற தெற்கு, மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகு மறைப்புக் கட்டினால் போதும். சுவர் போல அடைக்கத் தேவையில்லை. அடைத்தால் காற்றுச் சுவருக்கு மேலால் ஏறி மறுபக்கம் சுழன்று விழும். பழைய வலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டால் காற்று அரித்து வரும், வேகமும் தணியும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். வேலி அடைத்திருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. மன்னார்க் கழுதைகளுக்கு ஓர்க்கிட் என்றும் கீரை என்றும் வித்தியாசம் கிடையாது.

இனி எப்போது கட்டுவது என்பதைப் பார்ப்போம். இதற்கு அந்தத் தண்டு தன்பாட்டில் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பூந்தண்டு வெளிச்சம் வருகிற பக்கம் சாயும். வெளிச்சம் படாத பக்கத்துப் பகுதி கொஞ்சம் கூட நீளுவதால் மற்றப் பக்கம் வளைகிறது. இன்று கிழக்கே முகம் வைத்த சாடியை நாளை மேற்கே திருப்பினால் தண்டும் திரும்பப் பார்க்கும். என்னுடைய பாம்புத் தண்டின் இரகசியம் இதுதான். பூந்தண்டு தலைகாட்டிய நாளிலிருந்து சாடியைத் திருப்பவே கூடாது. எடுத்துத் தண்ணீர் விடுவதானால் சாடியின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வைக்கும்போது புள்ளி அதே பக்கம் வர வேண்டும்.

மொட்டுகளின் கதை இன்னும் விசித்திரமானது. ஓர்க்கிட் பூவில் ஓர் இதழ் மட்டும் உதடு போல வேறு விதமாக இருக்கும். பூச்சி வந்து இறங்குகிற திண்ணை அது. பெரும்பாலான ஓர்க்கிட் இனங்களில், மொட்டாக இருக்கும்போது அந்த உதடு மேல்பக்கம் இருக்கிறது. மலர்வதற்கு முன்னர் மொட்டின் காம்பு தானாக முறுகி, பூவையே தலைகீழாகத் திருப்பி, உதட்டைக் கீழே கொண்டுவந்துவிடும். எது மேல், எது கீழ் என்பதை அது நிலத்தின் இழுப்பைக் கொண்டு அறிகிறது. இந்தத் திருப்பம் மொட்டுப் பருவத்தில்தான் நடக்கும். மலர்ந்த பிறகு திரும்பாது. ஆகவே சரிந்து கிடந்த தண்டை, பூ மலர்ந்த பிறகு நிமிர்த்திக் கட்டினால் ஒரு பூ வானத்தைப் பார்க்கும், ஒரு பூ சுவரைப் பார்க்கும். பூ விரிந்த பிறகுதானே பாரம், அப்போது கட்டுவோம் என்று இருப்பவர்கள் இந்தப் பிழையைத்தான் விடுகிறார்கள்.

தண்டு ஒரு சாண் வளர்ந்ததும் முதல் கட்டு. மொட்டுகள் பயறளவில் ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்கும்போது இரண்டாவது கட்டு. முதல் மொட்டு வெடிப்பதற்கு முன்னர் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும். டென்ரோபியத்துக்குத் தண்டு தெரிந்த நாளிலிருந்து முதல் பூ வரை ஏறத்தாழ 6 முதல் 8 கிழமை இருக்கிறது. அவசரம் இல்லை, மறந்தும் போகக் கூடாது. வளரும் நுனியில் நாலு விரற்கடைக்கு எந்தக் கட்டும் போடாதீர்கள். அது பிஞ்சு, கை பட்டாலே ஒடியும். காலையில் தண்ணீர் குடித்து நிமிர்ந்து நிற்கும் தண்டு விறைப்பாக இருக்கும். வளைத்தால் படக்கென்று போகும். பின்னேரம் கொஞ்சம் துவண்டிருக்கும்போது கட்டுவது நல்லது.

எல்லா ஓர்க்கிட்டுக்கும் முட்டு வேண்டியதில்லை. டென்ரோபியத்தின் தண்டில் கணுக் கணுவாக இருப்பதால் நாங்கள் அதைக் கரும்பு என்றே சொல்லுவோம். பூந்தண்டு அந்தக் கரும்பின் உச்சியிலிருந்து புறப்படும். பல நேரம் சாய்வது பூந்தண்டு அல்ல, கரும்புதான். அப்படியானால் கரும்பைத் தடியோடு கட்டிவிட்டுப் பூந்தண்டைத் தன்பாட்டில் வளைய விடுங்கள். இலை உதிர்ந்த பழைய கரும்பை அசிங்கம் என்று வெட்ட வேண்டாம். அது கன்றின் சேமிப்புப் பெட்டி. சிலவேளை அதிலிருந்தும் பூ வரும். ஒன்சிடியம் என்று மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பூ ஆயிரம் பூக்கும் இனத்துக்குத் தண்டு நீளம், ஈர்க்கு மாதிரி மெல்லியது, கிளையும் விடும். அதற்குக் கட்டாயம் வேண்டும். வண்டாவும் மொக்காராவும் தாமாகவே நிமிர்ந்து நிற்கும். ஆனால் சில வண்டாக்களுக்குப் பூந்தண்டுக்கு அல்லாமல் முழுச் செடிக்கும் கால் நட வேண்டியிருக்கும். சிங்கப்பூரின் தேசிய மலரான வண்டா மிஸ் ஜோக்கிம் அப்படிப்பட்டது. கொடி போல ஏறி, நல்ல வெயிலில் பூக்கும். அக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்ணின் தோட்டத்தில் உண்டானது. 1893 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டு, 1981 இல் அந்த நாட்டின் மலராகத் தெரிவானது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெண் வளர்த்த பூ என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம்.

கீழ்நோக்கித் தொங்கும் இனங்களை மட்டும் தயவுசெய்து நிமிர்த்தாதீர்கள். எமது நாட்டுக்கே உரிய வெசாக் மலர் வைகாசியில் பூப்பதால் அந்தப் பெயர் பெற்றது. அதன் பூங்கொத்துத் தொங்கத்தான் செய்யும். நரிவால் போலத் தொங்கும் இன்னொன்று உண்டு. இந்தியாவின் அசாம் மாநிலத்துப் பெண்கள் சித்திரையில் வரும் தங்கள் புத்தாண்டுக்கு அதைத் தலையில் சூடுவார்கள். அதற்கும் தடி குத்தினால் பூவெல்லாம் முகம் மாறிவிடும். இவற்றை உயரத்தில் தொங்கவிட்டு, காற்றுப் படாமல் பார்த்தால் போதும். வெசாக் மலர் ஈரக் காட்டுச் செடி, எங்கள் வரட்சிக்கு அது சரிவராது. காட்டிலிருந்து பிடுங்கி வந்ததென்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. கடைகளில் பூவோடு விற்கும் பெரிய வெள்ளைப் பூ பெலனொப்சிஸ். தடியும் கிளிப்பும் அதனோடேயே வரும். அது மீண்டும் பூந்தண்டு விடுவதற்குச் சில கிழமைகள் குளிர்ந்த இரவுகள் வேண்டும். எங்கள் கரையில் அப்படியான இரவுகள் குறைவு. ஒருமுறை பூத்துவிட்டு இலையோடு நின்றால் உங்கள் கைராசியை நோகாதீர்கள்.

தடிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தென்னோலை ஈர்க்கு நாலைந்தைச் சேர்த்துக் கட்டினால் வளைந்துகொடுக்கிற நல்ல முட்டு. மூங்கில் கிடைத்தால் சீவி எடுக்கலாம். பனை மட்டையிலிருந்து சிராய் உரித்தால் இன்னும் பலம், ஆனால் கருக்கை நன்றாகச் சீவ வேண்டும். இரும்புக் கம்பி எங்கள் உப்புக் காற்றுக்கு ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். செப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். செம்பு ஓர்க்கிட்டின் வேருக்கு நஞ்சு. ஒரு கன்றுக்குக் குத்திய தடியை அப்படியே இன்னொரு கன்றுக்குக் குத்தாதீர்கள். கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்து எடுங்கள். தடியின் மேல் முனையில் துணி உருண்டை ஒன்றைச் சுற்றிவிடுங்கள். பூவை மணந்து பார்க்கக் குனிகிற பிள்ளையின் கண்ணில் குத்திவிடும்.

ஓர்க்கிட் சாடியில் மண் இல்லை. கரியும் ஓட்டுத் துண்டும் பொச்சும்தான். அதற்குள் குத்திய தடி நிற்காது, ஆடி ஆடி வேரைக் கிழிக்கும். ஆகவே தடியைச் சாடியின் வெளிப்பக்கமாக வைத்து, பக்கத் துவாரத்தினூடாகச் சாடியோடேயே கட்டிவிடுங்கள். தொங்கும் சாடியானால் தொங்குகம்பியில் ஒன்றோடு சேர்த்துக் கட்டலாம். வேலியோடும் தூணோடும் பந்தலோடும் வேண்டாம். சாடி ஆடினால் தடியும் ஆட வேண்டும், தண்டும் ஆட வேண்டும். மூன்றும் சேர்ந்து ஆடினால் ஒன்றும் முறியாது. 2017 இல் நான் விட்ட பிழை அதுதான்.

கட்டுவதற்குத் தங்கூசி, நைலோன் நூல் இரண்டையும் மறந்துவிடுங்கள். மெல்லியதாக இருப்பதால் அரிந்துவிடும். பழைய பருத்திச் சேலைக் கிழிசல், கம்பளி நூல், நனைத்த வாழைநார் நல்லது. வாழைநார் இரண்டு மாதத்தில் தானாக உக்கிப்போகும், அதற்குள் பூவும் முடிந்துவிடும். எட்டு என்ற இலக்கத்தைப் போல, ஒரு வளையம் தடிக்கு, ஒரு வளையம் தண்டுக்கு. தடிப் பக்கம் இறுக்கம், தண்டுப் பக்கம் தளர்வு. தண்டின் வளையத்துக்குள் ஒரு பென்சில் நுழைய இடம் இருக்க வேண்டும்.

இனித் தங்கையின் கேள்விக்கு வருகிறேன்.

கடிதம் வந்த அடுத்த நாள் இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிச் செருகிக்கொண்டு சாடிக்கு முன்னால் குந்தினேன். ஒரு காலை முழுக்கப் போனது. முதல் பத்து நிமிடத்தில் இரண்டு மொட்டு விழுந்தது. நூலின் ஒரு முனையைப் பல்லால் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்டுக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கே மொட்டைத் தட்டுகிறது. முடிச்சுப் போடும் வழியை விட்டுவிடுவதே நல்லது என்று விளங்கியது. ஒரு கைக்கு முடிச்சு ஏலாது என்பதல்ல. தங்கை பல்லாலும் முழங்காலாலும் இதைவிடக் கடினமான எத்தனையோ செய்கிறவர். ஆனால் பிஞ்சுத் தண்டுக்குப் பக்கத்தில் அந்த இழுபறி கூடாது.

முடிச்சு இல்லாமல் எனக்குச் சரிவந்தவை இவை.

முதலாவது கவர்த்தடி. இதைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். வேம்பிலோ பூவரசிலோ பென்சில் மொத்தத்தில் கவருள்ள கம்பு ஒன்றை முறித்து, பட்டை உரித்து, வெயிலில் காயவையுங்கள். பச்சையாகக் குத்தினால் பூவரசு தளிர்த்துவிடும், சிரிக்காதீர்கள், எனக்கு நடந்தது. கவருக்குள் துணி ஒட்டிவிடுங்கள். தண்டைக் கவருக்குள் தூக்கி வைத்தால் போதும்; ஒரு விரல் வேலை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கவர் இருக்க வேண்டும். அப்போது காற்றே தண்டைக் கவருக்குள் தள்ளி வைத்திருக்கும். பலமான காற்று நாளில் துள்ளி வெளியே விழாமல் இருக்க, கவரின் இரண்டு முனையிலும் ஒரு தலைமுடி றப்பர் வளையத்தைக் குறுக்கே மாட்டிவிடலாம்.

இரண்டாவது, நண்டு போல வாய் திறக்கும் சிறிய தலைமுடிக் கிளிப். பெருவிரலும் சுட்டுவிரலும் போதும். ஓர்க்கிட்டுக்கென்றே விற்கும் கிளிப்புகளும் இதே மாதிரித்தான் இருக்கின்றன. ஒரே கடியில் தடியையும் தண்டையும் சேர்த்துப் பிடிக்கும். பற்கள் தண்டில் அழுந்தாமல் வளையத்துக்குள் தண்டு சும்மா கிடக்க வேண்டும். கூர்ப்பல் கிளிப் வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் உப்புக் காற்றில் துருவேறும் என்பதால் பூ முடிந்ததும் கழற்றித் துடைத்து எண்ணெய் தொட்டு வையுங்கள். உடுப்புக் காயப்போடும் கிளிப்பையும் முயன்றேன். அதன் வாய்க்குள் இருக்கும் வட்டக் குழியில் ஒன்சிடியத்தின் மெல்லிய தண்டு நிற்கும், டென்ரோபியத்தின் தண்டை அது நசிக்கும்.

மூன்றாவது, இளநீர் குடிக்கும் ஸ்ரோவை ஒரு விரற்கடை நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் ஒரு பிளவு போட்டால் திறந்து மூடுகிற வளையம் கிடைக்கும். மெல்லிய தண்டுக்கு நல்லது. இப்படி இரண்டு வளையத்தை முதுகோடு முதுகாகத் தைத்து வைத்தால் ஒன்று தடிக்கு, ஒன்று தண்டுக்கு. தைப்பதை ஓய்வான நேரத்தில் மேசையில் வைத்துச் செய்யலாம், தண்டுக்குப் பக்கத்தில் செய்ய வேண்டியதில்லை.

எதைச் செய்தாலும் சாடி உருளாமல் இருக்க வேண்டும். அரை வாளி மணலுக்குள் சாடியைப் புதைத்து வைத்தால் அது உங்கள் மற்றக் கையாக நிற்கும். கடற்கரை மணல் என்றால் இடையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், உப்பு வேருக்கு ஏறக் கூடாது. தடியைச் சாடியோடு கட்டுகிற வேலை இருக்கிறதே, அதைக் கன்று நடும் நாளிலேயே, வெறும் சாடியில், யாராவது உதவிக்கு இருக்கும்போது முடித்துவிடுங்கள். பூந்தண்டு வரும்போது தடி ஏற்கனவே காத்துக்கொண்டு நிற்கும். இரண்டு கை உள்ளவர்களும் இதைச் செய்வதுதான் புத்தி. சக்கர நாற்காலியில் இருக்கும் சகோதரிகள் சாடியைத் தொங்கவிடாமல், மடியின் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டில் வைத்தால் எல்லாம் கைக்கெட்டும்.

இவ்வளவும் செய்து பிறகும் முறியலாம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்களைக் கடந்தபோது, சாடிகளை எல்லாம் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தும் ஒரு தண்டு கதவில் அடிபட்டுப் போனது. முழுதாக முறியாமல் நார் தொங்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடாதீர்கள். முறிந்த கையைக் கட்டுவதுபோல இரண்டு ஈர்க்குத் துண்டை இருபுறமும் வைத்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்ரரால் மெதுவாகச் சுற்றிவிட்டால் சிலவேளை பூக்கும். ஒரு கை உள்ளவர் பிளாஸ்ரர் துண்டுகளை முன்கூட்டியே வெட்டி மேசை விளிம்பில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். முழுதாக முறிந்ததென்றால் தண்ணீரில் வைப்பது மட்டும்தான் வழி. பருத்த மொட்டு விரியும், பிஞ்சு விரியாது. அந்தக் கரும்பை மட்டும் வெட்டிவிட வேண்டாம். வேறொரு கணுவிலிருந்து இன்னொரு தண்டு வருவதை நான் கண்டிருக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி இரண்டு வரி. சவர்க் கிணற்று நீர் ஓர்க்கிட்டுக்கு ஆகாது. சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் அது உப்பு. மாரி மழையில் இயன்ற அளவு தண்ணீரைப் பீப்பாவில் மூடிச் சேர்த்து வைத்து, சோழக மாதங்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வேர் உப்பில் கருகினால் மொட்டு உதிரும். அப்போது எந்தத் தடியும் உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர்க்கிட் வளர்த்தால் நல்ல வருமானம், கடன் தருகிறோம், கன்று வாங்குங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கன்று பூப்பதற்கே வருடங்கள் எடுக்கும்போது கிழமைக் கடனை எப்படிக் கட்டுவது? ஒருவரிடம் ஒருவர் பக்கக் கன்று வாங்கிப் பெருக்குங்கள். கையில் பத்துப் பதினைந்து சாடி சேர்ந்து, ஊரில் கல்யாண வீட்டாரும் கோயிற்காரரும் தேடிக் கேட்டு வந்தால் அப்போது வியாபாரத்தை யோசிக்கலாம்.

2018 வைகாசியில் என்னுடைய கன்று ஒன்பது பூப் பூத்தது. கவர்த்தடியெல்லாம் அப்போது தெரியாது, ஈர்க்குக் கட்டும் வாழைநாரும்தான். அந்த நாளில் ஒரு பூவை மட்டும் கிள்ளிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். மற்ற எட்டும் ஆனி கழியும் வரை தண்டிலேயே நின்றன. ராத்தா பார்க்க வந்தார். பூவைப் பார்த்துவிட்டுக் கட்டைத்தான் கையால் தொட்டுப் பார்த்தார், தளர்வாக இருக்கிறதா என்று.

கடிதம் எழுதிய தங்கைக்கு: உங்கள் கன்றில் முறிந்த தண்டுக்குக் கீழே உள்ள கணுக்களைப் பாருங்கள். நெல் மணியளவில் பச்சையாக ஏதாவது தள்ளிக்கொண்டு இருந்தால் உடனே சாடியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வேப்பங் கவர்த்தடி இரண்டு சீவிக் காயவைத்திருக்கிறேன். உங்கள் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த இதழில் கத்தரி நாற்றுமேடை, கட்டாயம்.